அத்திப்பழம் வாங்கப் போன இருவாச்சி

மலையடிவாரக் காட்டில் ஓர் ஓடை இருந்தது. அதன் கரையில் உயரமான அயினி மரம் ஒன்று நின்றது. அந்த மரத்துப் பொந்தில் மாரப்பன், அருக்காணி என்ற இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடித்தனம் செய்தன.

இருவாச்சிகளின் குடித்தனம் மற்றப் பறவைகளுடையதைப் போல இருக்காது. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் போய்விடும். பிறகு இருவருமாக வாசலைச் சேறு பூசி அடைத்துவிடுவார்கள். மூக்கு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைப்பார்கள். பாம்பும் மரநாயும் உள்ளே வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. உள்ளே இருக்கும்போது பெண் பறவையின் சிறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கும். அவை வளரும்வரை அதனால் பறக்க முடியாது. ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டுவதுதான் அதற்கும் குஞ்சுகளுக்கும் சாப்பாடு.

"இனிமே எங்க வயிறெல்லாம் உங்களை நம்பித்தானுங்க," என்று சொல்லிவிட்டு அருக்காணி உள்ளே போனாள்.

"நீ நிம்மதியா இரு. நான் பார்த்துக்கறேன்," என்று சொல்லி, மாரப்பன் கடைசிச் சேற்றை அப்பினான்.

அவன் சோம்பேறி இல்லை. விடிந்ததும் பக்கத்து இச்சி மரத்துக்குப் பறப்பான். தொண்டை நிறையப் பழங்களை அடக்கிக்கொண்டு வருவான். கீறல் வழியாக ஒவ்வொன்றாக நீட்டுவான். அருக்காணி போதும் என்று சொல்லும்வரை போய் வந்துகொண்டே இருப்பான். இரண்டு முட்டைகள் இட்டிருப்பதாக அவள் சொன்ன நாளில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. காட்டில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆனால் அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. காட்டில் பல மரங்கள் காய்க்கவே இல்லை. காய்த்து நின்ற அந்த ஒற்றை இச்சி மரத்தைத் தேடி எங்கிருந்தோ ஒரு மந்திக் கூட்டம் வந்தது. இரண்டே நாளில் பழம், காய், பிஞ்சு எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டுப் போனது. கீழ்ப்பள்ளத்தாக்கில் ஓர் ஆலமரம் இருந்தது. அது பழுக்க இன்னும் மூன்று வாரமாவது ஆகும்.

மாரப்பன் வண்டுகளையும் பல்லிகளையும் பிடித்து வந்தான். அவையும் கோடையில் எங்கோ ஒளிந்துகொண்டன.

"இப்படியே போனா குஞ்சு பொரிச்சப்புறம் என்ன பண்றது?" என்று அவன் கவலைப்பட்டான்.

அருக்காணிக்கு ஒரு யோசனை தோன்றியது. "நாளைக்கு ஆத்து மணல்ல சந்தை கூடுது இல்லீங்களா? கரடியக்கா வருஷா வருஷம் அத்திப்பழத்தைக் காயவெச்சு, கொடியில சரம் சரமாக் கோத்து வெச்சிருக்குமே. அதை வாங்கிட்டு வந்துருங்க."

"வாங்கறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?"

"ஜாதிபத்திரி இருக்குதுங்க. போன பருவத்துல காட்டு ஜாதிக்காய் தின்னப்ப கொட்டை மேல இருந்த செவப்புத் தோலை எல்லாம் உரிச்சுக் காயவெச்சேனே. மேற்குக் கிளையில ஓட்டைக்குள்ள இலையில பொதிஞ்சு வெச்சிருக்கேன். கரடியக்காவுக்கு அந்த வாசனைன்னா உசிரு. அதுக்குப் பத்துச் சரம் தாராளமாக் கொடுக்கும். ஆலமரம் பழுக்கிறவரைக்கும் நம்ம நாலு பேருக்கும் போதும்."

மாரப்பன் போய்ப் பார்த்தான். தேக்கிலையில் மடித்த பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்ததும் வாசனை மூக்கில் ஏறியது. செக்கச் செவேலென்று பத்திரி. இவ்வளவையும் அவள் எப்போது சேர்த்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் கிளம்பும்போது அருக்காணி கீறலில் மூக்கை வைத்துச் சொன்னாள்: "போனதும் மொதல்ல கரடியக்கா கடைக்குப் போயிருங்க. சரம் கழுத்துல ஏறினப்புறம் எதை வேணும்னாலும் வேடிக்கை பாருங்க."

"இதைச் சொல்லித்தான் அனுப்பணுமா? நான் என்ன சின்னக் குஞ்சா?" என்று கேட்டுவிட்டு அவன் பறந்தான்.

சந்தை நிறைந்து கிடந்தது. நீர்நாய்கள் மீனைப் பரப்பி வைத்திருந்தன. முள்ளம்பன்றி கிழங்குகளைக் குவித்து வைத்திருந்தது. மலையணில் அடையோடு தேன் கொண்டுவந்திருந்தது. கரடியக்காவின் கடை மணல்திட்டின் கடைசியில், மருத மர நிழலில் இருந்தது. மாரப்பன் அங்கேயே நேராகப் பறந்து போயிருக்கலாம். சந்தையைப் பார்த்து ஒரு வருஷம் ஆயிற்றே, நடந்துதான் போவோமே என்று முனையிலேயே இறங்கினான்.

நாலு கடை தாண்டவில்லை. ஒரு குரல் அவனை நிறுத்தியது.

"இருவாச்சியண்ணே, வாங்க. உங்களை மாதிரி ஆளுங்க பார்க்கத்தான் இதெல்லாம் வெச்சிருக்கேன்."

கூப்பிட்டது சிங்காரம் என்ற கிளி. ஊர் ஊராகப் பறந்து பொருள் சேர்த்துக்கொண்டு வருபவன். அவன் கடையில் தின்பதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் பளபளவென்று இருந்தன.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். அத்திப்பழம் வாங்க வந்தேன்," என்றான் மாரப்பன்.

"வாங்குங்கன்னு யாரு சொன்னா? பார்க்கிறதுக்குக் காசா பணமா?" என்று சொல்லி, சிங்காரம் ஒரு வெள்ளைச் சங்கை எடுத்து அவன் காலடியில் வைத்தான். "சும்மா காலில பிடிச்சுப் பாருங்க. அது போதும்."

மாரப்பன் பிடித்துப் பார்த்தான். காற்று பட்டதும் சங்கு மெல்ல ஊதியது. கேட்க இனிமையாக இருந்தது.

"வீட்டில யாரு இருக்காங்க அண்ணே?"

"பெண்சாதி பொந்துக்குள்ள இருக்கா. இன்னும் நாலஞ்சு நாள்ல குஞ்சு பொரிச்சிரும்."

சிங்காரத்தின் கண் விரிந்தது. "அட, பாவம். நாள் முழுக்க இருட்டுல தனியாவா? இந்தச் சங்கை வாசல்ல மாட்டினா அவங்களுக்கு ஒரு பேச்சுத் துணை. நீங்க இரை தேடப் போயிருந்தாலும் பக்கத்துல இருக்கிற மாதிரியே இருக்கும்."

மாரப்பனின் மனம் இளகியது. அருக்காணிக்குத் தான் எதுவும் வாங்கிக் கொடுத்ததே இல்லை என்று தோன்றியது. பொட்டலம் பெரிதாகத்தானே இருக்கிறது, கொஞ்சம் எடுத்தால் என்ன குறைந்துவிடும்? அவன் ஒரு பிடி பத்திரியைக் கொடுத்தான்.

சங்கைக் கட்டிக்கொடுக்கும்போதே சிங்காரம் ஒரு மயிலிறகுக் கொத்தை வெளியே எடுத்தான். "சங்கு வாங்கினவங்களுக்கு மட்டும் இதைப் பாதி விலைக்குத் தர்றேன். குஞ்சுங்களுக்கு விசிறி விடலாம். கோடை எப்படிக் கொளுத்துது, பாருங்க."

பாதி விலை என்றதும் மாரப்பனுக்கு அதை விட மனமில்லை. வாங்காமல் போனால்தான் நஷ்டம் என்று தோன்றியது. இன்னொரு பிடி போயிற்று.

கடைசியாகச் சிங்காரம் ஒரு குன்றிமணி மாலையை எடுத்தான். எடுத்தவன் உடனே உள்ளே வைத்துவிட்டான். "இது வேண்டாம் அண்ணே. அந்த மரங்கொத்தி பார்த்து வெச்சுட்டுப் போயிருக்கு. இருந்ததே இந்த ஒண்ணுதான்."

மாரப்பன் திரும்பிப் பார்த்தான். பக்கத்துக் கடையில் ஒரு மரங்கொத்தி நின்றுகொண்டிருந்தது. அது மாலையைப் பார்த்ததா, இல்லையா என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் அது இந்தப் பக்கம் ஓர் எட்டு வைத்ததும் அவன் அதற்கும் கடைக்கும் நடுவில் போய் நின்றான். குன்றிமணி தனக்கு எதற்கு என்று அவன் யோசிக்கவே இல்லை. மரங்கொத்திக்குப் போய்விடக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

"எனக்கே கொடு," என்றான்.

சிங்காரம் பொட்டலத்துக்குள் காலை விட்டு, வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டான்.

அங்கிருந்து நடந்தபோது மாரப்பனுக்கு மிதப்பது போல இருந்தது. அருக்காணி எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டே போனான். மருத மர நிழலை எட்டியபோதுதான் பொட்டலம் மிகவும் லேசாக இருப்பதைக் கவனித்தான்.

கரடியக்கா அவனைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "வாப்பா மாரப்பா. அருக்காணி உள்ள போயிட்டாளாமே. நீ வருவேன்னு தெரிஞ்சுதான் பத்துச் சரத்தைத் தனியா எடுத்து வெச்சேன். கொண்டா, பார்க்கலாம்."

அவன் பொட்டலத்தை நீட்டினான். கரடியக்கா பிரித்துப் பார்த்தாள். இலையின் மடிப்பில் கொஞ்சமாகப் பத்திரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இவ்வளவுதானா? மூட்டையாச் சேர்த்திருக்கேன்னு போன மழைக்கே உன் பெண்சாதி சொன்னாளே?"

மாரப்பனுக்கு நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. சங்கும் மயிலிறகும் அவன் முதுகுப் பக்கம் இருந்தன. "வர்ற வழியில காத்துல கொட்டிப்போச்சுங்க அக்கா," என்றான்.

கரடியக்கா அதை நம்பினாள். "அடக் கடவுளே," என்று சொல்லி மூன்று சரம் கொடுத்தாள். போகிறவனைக் கூப்பிட்டு, கைக்கு வந்த பழங்களில் கொஞ்சம் உதிரியாகவும் போட்டாள். அவளுக்கும் இரண்டு குட்டிகள் இருந்தன. அதற்கு மேல் அவளால் கொடுக்க முடியவில்லை.

மாரப்பன் சிங்காரத்தின் கடைக்குத் திரும்பி ஓடினான்.

"தம்பி, இதெல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கோ. பத்திரியைக் கொடுத்துரு. வீட்டுல சாப்பாட்டுக்கு இல்லை."

சிங்காரம் கோபப்படவில்லை. பரிதாபமாகவே பார்த்தான். "நான் வாங்கச் சொல்லலையே அண்ணே. நீங்கதானே கேட்டு வாங்கினீங்க? அந்தப் பத்திரியை அப்பவே மலையணிலுக்குத் தேனுக்காகக் கொடுத்துட்டேன்."

கிளி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மாரப்பன் மூன்று சரத்தையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பினான்.

சாயங்காலம் அவன் வரும் சிறகோசை கேட்டதுமே அருக்காணி கீறலுக்கு வந்துவிட்டாள். "வந்துட்டீங்களா? வெயில்ல ரொம்ப அலைஞ்சிருப்பீங்களே. கிடைச்சுதுங்களா?"

"மூணு சரம்தான் கிடைச்சுது. இந்த வருஷம் விலை ஏறிப்போச்சு."

அருக்காணி கீறல் வழியே சரங்களை மூக்கால் தடவிப் பார்த்தாள். பிறகு அவள், "பரவாயில்லைங்க. பார்த்துச் சாப்பிட்டா ஓட்டிறலாம். மொதல்ல நீங்க ரெண்டு பழம் சாப்பிடுங்க," என்றாள்.

அந்தச் சொல் அவனைச் சுட்டது. அவன் சாப்பிடவில்லை.

இந்தச் சங்கையாவது கொடுத்து அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தான். அதைக் கீறலருகே கொண்டுபோனான். அது நுழையவில்லை. மயிலிறகும் மடங்கியது. உள்ளே போகவில்லை. குன்றிமணி மாலையை நுழைத்துவிடலாம். ஆனால் இது எங்கே கிடைத்தது என்று அவள் கேட்டால் என்ன பதில் சொல்வது? மூன்றையும் பின்பக்கக் கிளைக் கவட்டில் ஒளித்து வைத்தான்.

நாலாம் நாள் ஒரு குஞ்சு வந்தது. ஆறாம் நாள் இன்னொன்று வந்தது. "மூத்தது உங்களை மாதிரியே. எப்பவும் வாயைத் திறந்துக்கிட்டே இருக்குது," என்றாள் அருக்காணி. "சின்னது சாது. என் அடிவயித்துல ஒட்டிக்கிட்டுத் தூங்குது."

அவர்கள் அத்திப்பழத்தை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கிள்ளித்தான் தின்றார்கள். அப்படியும் பத்து நாளில் மூன்று சரமும் தீர்ந்தது. ஆலமரத்தில் காய் இன்னும் பச்சையாகவே இருந்தது. மாரப்பன் விடியலிலிருந்து பொழுது சாயும்வரை அலைந்தான். தொலைவான பள்ளத்தாக்குக்குப் போய் ஒரு வெட்டுக்கிளியோடு வருவான். மறுபடியும் போய் ஒன்றுமில்லாமல் வருவான். அருக்காணி தன் பங்கையும் குஞ்சுகளுக்கே கொடுத்தாள். நீட்டுகிற இரையை மூத்த குஞ்சு எட்டிப் பிடுங்கிக்கொண்டது. சின்னக் குஞ்சுக்குக் கழுத்தைத் தூக்கவே வலுவில்லை.

காற்று அடிக்கும்போதெல்லாம் கவட்டிலிருந்த சங்கு ஊதியது.

"அது என்ன சத்தமுங்க?" என்று அருக்காணி ஒரு நாள் கேட்டாள். "நானும் கொஞ்ச நாளாக் கேட்கிறேன்."

மாரப்பன் காற்றுச் சத்தம் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சின்னக் குஞ்சின் குரல் உள்ளிருந்து கேட்டது. நூல் மாதிரி மெலிந்த குரல். அதைக் கேட்டபின் அவனால் பொய் சொல்ல முடியவில்லை.

"சங்கு," என்றான். "சந்தையில வாங்கினேன். மயிலிறகும் வாங்கினேன். குன்றிமணி மாலையும் வாங்கினேன். விலை ஏறலை, அருக்காணி. உன் பத்திரியை எல்லாம் அதுக்குக் கொடுத்துட்டேன்."

அருக்காணி திட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். சேற்றுச் சுவரை உள்ளிருந்து மூக்கால் கொத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன பண்றே? உனக்கு இன்னும் சிறகு முளைக்கலையே!"

"பாதி முளைச்சிருக்குது. அது போதும். தரையில நடந்தாவது ரெண்டு பூச்சி பிடிப்பேன். வெளியில இருந்து நீங்களும் கொத்துங்க."

இரண்டு பேரும் சேர்ந்து சுவரை உடைத்தார்கள். அருக்காணி பறக்க முடியாமல் கிளைக்குக் கிளை தாவித் தாவி இறங்கினாள். கடைசிக் கிளையிலிருந்து கீழே விழுந்தாள். இடது இறக்கையை இழுத்துக்கொண்டே புதருக்குள் போனாள். மாரப்பன் ஓடைப் பக்கம் பறந்தான். உச்சிப்பொழுதுக்குள் அவள் நாலு பூச்சிகள் பிடித்தாள். அவன் ஒரு குட்டித் தவளை கொண்டுவந்தான். அருக்காணி புதரிலும் கொடியிலும் தொற்றித் தொற்றிப் பொந்துக்கு ஏறி வந்தாள்.

மூத்த குஞ்சு வாங்கி விழுங்கியது. சின்னது வாயைத் திறந்தது. மாரப்பன் மிக மெதுவாக ஒரு பூச்சியை அதன் வாயில் வைத்தான். குஞ்சுக்கு விழுங்கத் தெம்பில்லை. பூச்சி வெளியே விழுந்தது. அவன் மறுபடி வைத்தான். அது மறுபடி விழுந்தது. அவன் மூன்றாவது முறை வைத்தபோது குஞ்சின் கழுத்து சாய்ந்திருந்தது.

"போதுமுங்க," என்றாள் அருக்காணி. "இனி அதுக்கு வேண்டாம்."

அதற்கு எட்டாம் நாள் ஆலமரம் பழுத்தது. கிளை கொள்ளாத பழம். காட்டுப் பறவைகள் எல்லாம் கூடித் தின்றன. தின்ன ஆளில்லாமல் கீழே உதிர்ந்தது எவ்வளவோ. மாரப்பன் அந்தப் பழங்களைத் தொண்டை நிறைய அடக்கிக்கொண்டு வருவான். மூத்த குஞ்சுக்கு ஊட்டுவான். அது வயிறு நிறைந்து தலையைத் திருப்பிக்கொள்ளும். அவன் தொண்டையில் இன்னும் பழம் மீதி இருக்கும். அதை என்ன செய்வதென்று தெரியாமல் பொந்து வாசலில் சும்மா நிற்பான்.

ஒரு நாள் ஓடையில் கரடியக்கா தண்ணீர் குடிக்க வந்தாள். நடந்ததெல்லாம் அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"உனக்குன்னு எடுத்து வெச்ச மீதி ஏழு சரத்தையும் சந்தை கலையற வரைக்கும் யாருக்கும் கொடுக்காம வெச்சிருந்தேன், மாரப்பா," என்றாள். "கொட்டின பத்திரியைத் தேடிப் பொறுக்கிட்டு வருவேன்னு நினைச்சேன். கடைசியில மந்திங்க வந்து வாங்கிட்டுப் போச்சு."

மாரப்பன் தலை குனிந்து நின்றான். கரடியக்கா ஓடையைத் தாண்டிப் போய்விட்டாள்.

மழைக்காலம் வந்தது. மூத்த குஞ்சு பறக்கக் கற்றுக்கொண்டது. அருக்காணியின் சிறகுகளும் முளைத்தன. அடிபட்ட இடது இறக்கை மட்டும் நேராகவில்லை. உயரமான மரங்களுக்குப் போக அவளால் முடியவில்லை. அவள் எட்டும் கிளையிலேயே மாரப்பனும் உட்காரப் பழகிக்கொண்டான்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில் அவன் தானாகவே சொன்னான்: "உனக்குப் பிடிக்கும்னு நினைச்சுத்தான் வாங்கினேன், அருக்காணி. சத்தியமா உன்னை நினைச்சுத்தான்."

"தெரியுமுங்க," என்றாள் அவள். "ஆனா எனக்கு என்ன வேணும்னு வாய்விட்டுச் சொல்லித்தானே உங்களை அனுப்பினேன்?"

மாரப்பன் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். எதிர்க்கிளையில் அவர்களுடைய ஒற்றைப் பிள்ளை பாசிக்குள் பூச்சி தேடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

வாங்கப் போனதை முதலில் வாங்காமல் கண்ணில் பட்டதற்கெல்லாம் ஆசைப்படுகிறவர்கள், பின்னால் எதைக் கொடுத்தாலும் வாங்க முடியாத ஒன்றை இழந்து நிற்பார்கள்.